மச்சானை மிஞ்சும் மீன்

"உங்க கடையில வாங்கின தூண்டில்லதான் என் மச்சான் போன வாரம் பத்து கிலோ சூரை மீன் பிடிச்சார். என் பொண்டாட்டி தன் அண்ணனோட போட்டோவை எங்க ஹால்லயே மாட்டிட்டா" என்று பொருமினார் வந்தவர்.

கடைக்காரர் நோட்டைத் திறந்தார். "உங்களுக்கு எத்தனை கிலோ?"

"பன்னிரண்டு!"

எழுதிக்கொண்டார்.

வந்தவர் மூன்றே நாளில் செல்போனில் கடலையே கரைத்துக் குடித்திருந்தார். "படகு ஓடும்போது தூண்டில் மேல வந்துடக் கூடாது. நூறடி ஆழத்துலயே நிக்கணும். அதுக்கேத்த ஈயக்குண்டு, பெரிய ரீல், எல்லாம் எடுங்க."

"பேஷா! இரைக்கு மாட்டுற பிளாஸ்டிக் மீன், நீலமா சிவப்பா?"

"மச்சான் நீலம். எனக்குச் சிவப்பு."

"வீட்டுல எத்தனை பேர்?"

"ஆறு. அது எதுக்கு?"

"ஒரு கணக்குக்குத்தான் சார். கரைக்கு எப்போ திரும்புவீங்க?"

"நாளைக்கு நாலு மணிக்கு."

அதையும் எழுதினார். தொழில் தெரிந்த மனுஷன் என்று வந்தவருக்குப் புல்லரித்தது.

மறுநாள் நாலரைக்கு அவர் மறுபடி வந்தார். படகில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. "நூறடி ஆழத்துல ஒரு பொடி மீன்கூட இல்லைய்யா!" என்று கத்தினார்.

கடைக்காரர் பதறாமல் பின்னறைக்குக் கூட்டிப்போய் ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே பெரிய சூரை ஒன்று. அதன் வாயில் சிவப்பு பிளாஸ்டிக் மீன் தூண்டில் முள்ளோடு குத்தியிருந்தது.

"பன்னிரண்டு கிலோ சார். ஆறு பேருக்குத் தாராளமா வரும்."

வந்தவர் அறைக் கதவைச் சாத்தினார். "என் மச்சானுக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே?"

கடைக்காரர் நோட்டில் ஒரு பக்கம் பின்னால் புரட்டிக் காட்டினார்.

'பத்து கிலோ. நீலம். நாலு பேர்.'