ஜெனீன் விழுந்த வீடியோ

"குதிரையிலேருந்து விழறது தப்பில்ல. அதைப் படம் பிடிச்சு ஊருக்கே காட்டறதுதான் தப்பு."

கிளப் தலைவி ரோஸ்லின் சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாண்டில் எங்கள் குதிரையேற்ற கிளப் ரொம்பச் சின்னது. தலைவியின் தோரணை மட்டும் பெரியது. சுவர் முழுக்க அவள் பரிசு வாங்கிய போட்டோக்கள். அவள் பேசும்போது அதுகளும் சேர்ந்து நம்மை முறைக்கும்.

குற்றவாளி ஜெனீன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டியில் சுற்றிய சாஸேஜைத் தின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது வயதுக்கு மேல் குதிரையேற ஆசை வந்து, வாரா வாரம் விழுந்து, வாரா வாரம் அதை வீடியோவாகப் போடுகிறாள். சேணத்தின் வயிற்றுப்பட்டையைச் சரியாக இறுக்காமல் ஏறி, சேணத்தோடு சேர்ந்து குதிரையின் வயிற்றுக்கடியில் போய்த் தொங்கியதைக்கூடப் போட்டாள். கடைசியில் சேறு அப்பிய முகத்தோடு, "இன்னிக்கு நான் செஞ்ச தப்பு இதுதாங்க, நீங்க செஞ்சிராதீங்க" என்பாள்.

"பின்னாடி நம்ம கிளப் போர்டு தெரியுது," என்றாள் ரோஸ்லின். "மாநிலப் போட்டிக்கு ஆள் அனுப்பின இடம் இது. இப்ப சர்க்கஸ் கம்பெனின்னு நினைக்கிறாங்க."

செயலாளர் டெஸ் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும், அந்தப் பட்டை வீடியோ பாத்ததுக்கு அப்புறம் நான் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டாந்தடவை இறுக்கிப் பாக்கறேன். நல்ல பழக்கம்தான்."

"வருஷக்கணக்கா நான் சொல்றதும் அதையேதான், டெஸ்."

"நீங்க விழுந்து காட்டலையே."

யாரோ சிரித்தார்கள். ரோஸ்லின் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

ரோஸ்லின் குதிரையேறியே ஒரு வருஷம் ஆகிறது. கேட்டால், "குதிரைக்குக் கால் சரியில்ல" என்பாள். அந்தக் குதிரையோ தினமும் காலையில் வேலியோரமாகப் பறந்துகொண்டிருக்கும். எல்லாரும் பார்ப்போம். தலைவியிடம் போய்க் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஜெனீன் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா ஏறத் தெரிஞ்சவங்களுக்காகவா நான் போடறேன்? பயந்தவங்கதான் பாக்கறாங்க. ஒரு அம்மா வாரா வாரம் எழுதறாங்க. ஒரு தடவை விழுந்ததிலேருந்து, குதிரைகிட்ட போய் நின்னா காலைத் தூக்கவே வரலையாம். நான் விழுந்து எந்திரிக்கிறதைப் பாத்தா கொஞ்சம் தைரியம் வருதாம்."

"பயந்தவங்க வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னட்டும்," என்றாள் ரோஸ்லின். "அவங்களுக்குக் குதிரை ஒரு கேடா?"

"யாரு அந்த அம்மா? நம்ம பக்கத்து ஆளா?" டெஸ்ஸுக்கு எப்போதும் இந்த மாதிரி விஷயத்தில்தான் அக்கறை.

ஜெனீன் கையிலிருந்த ரொட்டியையே பார்த்தாள். "யாரோ. பேர் போடல."

"பாத்தீங்களா?" என்றாள் ரோஸ்லின். "பேர் போடக்கூட முதுகெலும்பு இல்லாத கூட்டம். ஜெனீன், ஒண்ணு எல்லா வீடியோவையும் அழி. இல்லாட்டி கிளப்பை விட்டுப் போ."

ஜெனீனின் குதிரை பிஸ்கட் கிளப் மைதானத்தில்தான் மேய்கிறது. அவளுக்கென்று காணி நிலம் கிடையாது. வெளியே போகச் சொன்னால் பிஸ்கட்டை விற்க வேண்டியதுதான். அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"அழிக்க மாட்டேன்," என்றாள் ஜெனீன்.

"சரி. இவ போகணும்ங்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. நான் பாதிக் கைதான் தூக்கினேன். ரோஸ்லின் அதை முழுசாகவே எண்ணிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் மனசு கேட்காமல் வெளியே போனேன். ஜெனீன் பிஸ்கட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஜெனீன், நான் வந்து..."

"விடு. உன் பாதிக் கையைப் பாத்தேன்."

அப்போது அவள் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. "கை முழுக்க வைக்கோல். யாருன்னு எடுத்துப் படி," என்றாள்.

அந்தப் பேர் போடாத அம்மாதான். உரக்கப் படித்தேன்.

"நாளைக்கு விடியற்காலையில ஏறிப் பாக்கலாம்னு இருக்கேன். எல்லார்கிட்டயும் குதிரைக்குக் கால் சரியில்லன்னே சொல்லி வச்சிருக்கேன். அதனால தனியாத்தான் ஏறணும். யார் என்ன சொன்னாலும் நீங்க வீடியோ போடறதை மட்டும் நிறுத்திடாதீங்க."

யார் என்ன சொன்னாலுமாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இது யாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரொம்ப நாளா."

"அப்புறம் ஏன் உள்ள வாயை மூடிக்கிட்டு இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் இடம் தப்பிச்சிருக்குமே. வா, இப்பவே எல்லாருக்கும் காட்டுவோம்."

ஜெனீன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினாள். ஏதோ தட்டி அனுப்பி, போனை வேலிக்கட்டை மேல் வைத்துவிட்டு வைக்கோலைப் பிரிக்கப் போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன்.

"தனியா ஏறாதீங்க, ரோஸ்லின். வெள்ளன வந்து குதிரையை நான் பிடிச்சுக்கறேன். கேமரா கொண்டு வர மாட்டேன்."