கண்ணாடியில் பன்னிரண்டு பேர்

பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் பெருச்சாளி பொன்வண்ணன் குடும்பத்தோடு வந்தது. பிள்ளைகள் பன்னிரண்டு; மனைவி வயிற்றில் இன்னும் நாலு. அங்கே விற்பனைக்கு நின்ற, பதினெட்டு சீட்டுள்ள நீல வேனுக்கு மனசு குளிர்ந்துபோனது. நமக்கென்றே அளவெடுத்த குடும்பம்!

பெருச்சாளி உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் கண்ணாடியை முழம் போட்டு அளந்தது.

"ரொம்பச் சின்னது. பிள்ளைங்க பேரையெல்லாம் எங்க எழுதுறது?"

"ஏங்க, உட்கார இடம் வேணாமா?" என்றது மனைவி.

"உனக்கென்ன தெரியும்? ரோட்டுல வர்றவன் சீட்டையா பார்க்கப் போறான்?"

பக்கத்தில் நின்ற வெள்ளை வேனில் எட்டே சீட்டு. ஆனால் கண்ணாடி அகலம். பன்னிரண்டு பேரையும் எழுதியாயிற்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுங்கியது. பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 'இது குடும்ப வண்டியாம், தூ!' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது நீல வேன்.

கிளம்பும்முன் பெருச்சாளி இறங்கி வந்து, கண்ணாடியில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாக எண்ணியது.

"பன்னெண்டும் சரியா இருக்கு. போலாம்!"

வண்டி பறந்தது. நெரிசலில் வெளியே பிதுங்கி விழுந்த கடைக்குட்டி, புழுதியைத் தட்டிக்கொண்டு நீல வேனிடம் பெருமையாகச் சொன்னது:

"அதோ பாருங்க மாமா, கடைசிப் பேரு என்னுது!"