ஃபீபி மாற்றிய பாகம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசரான ஃபீபிக்கு போனஸ் வந்ததும், வீட்டு ஸ்டீரியோவில் எதை மாற்றலாம் என்று கணவன் நத்தானியேல் ஆரம்பித்துவிட்டான்.

"ஸ்பீக்கரை மாத்தணும். இல்லன்னா ஆம்ப்ளிஃபயரை. எனக்கு பேஸ் ரொம்பக் கம்மியா கேக்குது."

"எனக்குப் பாட்டே சரியா கேக்கல. என் போனஸ், நானே பாத்து வாங்கறேன்."

"உனக்கு இன்னா தெரியும் அதைப்பத்தி?"

சனிக்கிழமை வாசலில் மினிவேன் நின்றது. ஆசையாக ஓடிப்போய், அதில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்த நத்தானியேல் விழித்தான். உள்ளே ஒருவர் மட்டும் உட்காரும் தோல் சோபா.

அவனுடைய நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே சோபாவைப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள் ஃபீபி.

"கல்யாணமான நாள்லேருந்து அடுப்பங்கரையில நின்னுதான் கேட்டுட்டிருக்கேன். பாட்டைப் போட்டுட்டு, போய்க் குழம்பைக் கிளறுங்க."