தட்டித் தட்டி விற்ற தேன்

ஒரு காட்டில் கரடி தேன்கடை வைத்திருந்தது. தேன் அருமையாக இருந்தும் பக்கத்து மரத்துக்காரர்கள் மட்டுமே வாங்கினார்கள். வியாபாரத்தைப் பெருக்க நினைத்த கரடி, மரங்கொத்தியை விளம்பரத்துக்கு அமர்த்தியது.

மறுநாள் விடிந்ததிலிருந்து மரங்கொத்தி மரம் மரமாகப் போய்த் தட்டியது. "கரடியண்ணன் தேன்! கலப்படமில்லாத தேன்!" என்று கத்தியது. யாரும் எட்டிப் பார்க்காத பொந்துகளை விடாமல் தட்டியது.

மத்தியானம் அணில் கடைக்கு ஓடி வந்தாள். கரடியின் பழைய வாடிக்கைக்காரி அவள்.

"தட்டின தட்டுல என் பிள்ளை பயந்து பொந்துலேருந்து விழுந்துட்டான். காலை ஊன்ற முடியலை. இப்பவே நிறுத்தச் சொல்லுங்கண்ணே!"

"கோபப்படாதே தங்கச்சி. பிள்ளைக்குக் கொஞ்சம் தேன் கொண்டு போ" என்று கரடி ஒரு கிண்ணத்தை நீட்டியது.

"உன் தேனை யார் கேட்டா?" அணில் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

கரடிக்கு உறைத்தது. மரங்கொத்தியைக் கூப்பிட்டு, "நான் மன்னிப்புக் கேட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு. ஒரு வீடு விடாதே" என்றது.

மரங்கொத்தி உடனே கிளம்பியது. "கரடியண்ணன் மன்னிப்புக் கேட்கிறார்!" என்று ஒவ்வொரு மரமாகத் தட்டியது. அணிலின் பொந்தை இன்னும் பலமாகத் தட்டியது.

சாயங்காலம் காடே கடைமுன் திரண்டது. மன்னிப்பு வேலை செய்துவிட்டது என்று கரடி அவசரமாகத் தேன் ஊற்றத் தொடங்கியது. யாரும் வாங்கவில்லை. பிள்ளையை முதுகில் சுமந்தபடி அணில் முன்னால் வந்தாள்.

"தேன் நல்ல தேன்தான். ஆனா உன் பேரைக் கேட்டாலே இவன் அலறுறான்."

அத்தனை பேரும் திரும்பி நடந்தார்கள்.