பின் டயர்

"என்னையும் ஒரு தடவை மலைக்குக் கூட்டிட்டுப் போடா" என்று அக்கா கேட்டபோது, "உன் கனத்துக்கு வண்டி மேடு ஏறாதுக்கா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கேட்கவே இல்லை.

அவள் இறந்து மூன்று மாதம் கழித்துத் தனியாகக் கிளம்பினேன். கரும்பு வயல்களைத் தாண்டும்போதே வண்டியின் பின்பக்கம் கனத்தது. அடிவாரத்தில் இறங்கி நின்று மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"காத்து கரெக்டா இருக்கு சார். ஆள் உட்கார்ந்த மாதிரி டயர் அமுங்கியிருக்கே?"

பதினான்கு வளைவுகளையும் முதல் கியரிலேயே வண்டி ஏறிவிட்டது. உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு டீயைக் குடித்துவிட்டு அவசரமாகத் திரும்பினேன்.

அடிவாரத்தில் மெக்கானிக் மறுபடி குனிந்து பார்த்தார். "இப்ப சரியாயிடுச்சு சார்."

திரும்பிப் பார்த்தேன். உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஈரம் ஆகாது.