வானம் இல்லாத மலை

"ஐயோ, பதினேழு விழுந்துடுச்சு!"

டமார் என்ற சத்தம் கேட்டு, போட்டிச் செயலாளர் கிட்டு பதறி ஓடினார். மின்விசிறிக் காற்றில் தட்டியிலிருந்து நழுவிய படம் தரையில் கிடந்தது. நல்லவேளை, ஃபிரேமின் மூலை மட்டும்தான் விரிந்திருந்தது.

"மேல் பக்கம் எது, கீழ்ப் பக்கம் எது?" கிட்டு படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"குடு இப்படி." நடுவர் அரிகிருஷ்ணன் அதை வாங்கி மேஜையில் நேராக நிறுத்தினார். "இதுக்குத்தான் சொல்றேன். தலை எது, கால் எதுன்னு தெரியாத படத்துக்கு முதல் பரிசா?"

கிழக்குத் தாம்பரத்தின் அந்தச் சின்ன அரங்கில் காலையிலிருந்து மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போட்டியின் தலைப்பு, 'மலை'. வந்த நூற்றிருபது படங்களில் மிஞ்சியவை இரண்டு. படங்களில் எண் மட்டுமே இருக்கும். எடுத்தவர் பெயர் கிட்டுவிடம், ஒட்டிய உறைக்குள். ஜெயிப்பவருடைய படங்கள் மட்டும் இதே அரங்கில் ஒரு வாரம் தனிக் கண்காட்சியாக இருக்கும்.

ஒன்பதாம் எண், திருநீர்மலைக் கோபுரமும் பின்னால் எழும் சூரியனும். பதினேழில் வானம் இல்லை, உச்சி இல்லை, ஆள் இல்லை. படம் முழுக்க ஒரு மலைச்சரிவு. காய்ந்த புல்லின் மஞ்சள், அதைக் குறுக்கே வெட்டும் நீல நிழல், ஒரு மண் பாதையின் வளைவு. பார்க்கப் பார்க்க மலை மறைந்து, கோடுகளும் நிறங்களும் மட்டும் நின்றன.

"எனக்குப் பதினேழு," என்றார் ஓவியக் கல்லூரி ஆசிரியர் அசரியா. "ஒன்பதை நூறு பேர் எடுத்திருப்பாங்க. இது ஒருத்தரோட கண்ணு."

"எனக்கு ஒன்பது," என்றார் அரிகிருஷ்ணன். கூடுவாஞ்சேரியில் இருபத்தைந்து வருடமாகக் கல்யாண ஸ்டூடியோ நடத்துபவர்.

இருவரும் மூன்றாவது நடுவர் ஜெரூஷாவைப் பார்த்தார்கள். பத்திரிகை ஒன்றில் தினமும் ஆயிரம் படங்களைப் பார்த்து, வேண்டாதவற்றைக் கழிப்பது அவள் வேலை.

"ரெண்டும் பிடிச்சிருக்கு. பதினேழுல என்ன குறை, சொல்லுங்க சார்."

"வலது மூலையைப் பாருங்க மேடம். வேணும்னே இருட்டாக்கிக் கீது. கம்ப்யூட்டர் வேலை!"

"அந்த இருட்டு இல்லேன்னா நம்ம கண்ணு அந்த வழியா வெளிய ஓடிடும் சார். அது தடுத்து உள்ள திருப்புது," என்றார் அசரியா.

"சரி, பாதை? ஓரத்துல அறுந்து தொங்குது. ஒரு விரக்கடை மேல விட்டிருந்தா கொஞ்சம் வானம் வந்திருக்கும். மலைன்னாவது புரிஞ்சிருக்கும்."

"புரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். இப்படிப் பிடிச்சு நிறுத்தியிருக்காது."

"உங்க காலேஜ்ல செல்லும் சார். என் கஸ்டமர்கிட்ட காட்டினா, கை தவறி க்ளிக் ஆயிடுச்சான்னு கேப்பான்."

அசரியாவுக்குச் சுருக்கென்றது. "மாப்பிள்ளை மாலையை நேராக்கி 'ஸ்மைல் ப்ளீஸ்' சொல்றது மட்டும் போட்டோகிராஃபி இல்ல சார்!"

அரிகிருஷ்ணன் அசரவில்லை. படத்தின் அடியில் விரலை வைத்தார். "இந்தக் கருப்புப் பட்டை எதுக்கு? சுத்த தண்டம். வெட்டிப் போட்டுடலாம்."

ஜெரூஷா எழுந்து வந்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அந்தப் பட்டையை மட்டும் மறைத்தாள். மொத்தச் சரிவும் மேஜைக்கு வழிந்துவிடும்போல் இருந்தது. தாளை எடுத்தாள். மலை கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. இன்னொரு முறை மறைத்தாள், எடுத்தாள்.

"ஒரு நூல்கூட வெட்ட முடியாது சார். எனக்கும் பதினேழு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சுட்டேன். நீங்க ஒவ்வொரு குறையாச் சொல்லச் சொல்லத்தான், எடுத்தவங்க எவ்வளவு யோசிச்சிருக்காங்கன்னு எனக்கே தெரிஞ்சுது."

"அப்போ ரெண்டுக்கு ஒண்ணு. என் ஓட்டு எதிர்ப்புன்னு எழுது கிட்டு. கொட்டை எழுத்துல எழுது."

"தோத்தும் வீம்பைப் பாரு," என்று அசரியா ஜெரூஷாவிடம் முணுமுணுத்தார்.

கிட்டு எழுதி முடித்து, மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைப் பிரித்தார். "அங்காளம்மாள். கூடுவாஞ்சேரி. அட, உங்க ஊரு சார்! தெரியுமா?"

அரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் சம்சாரம்தான் சார். எனக்கே சொல்லாம அனுப்பிக் கீறா. காலையில படத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. ஏலகிரியில நான் அந்தச் சரிவுக்கு முதுகைக் காட்டிக்கினு கல்யாண ஜோடியை எடுத்துக்கினு இருந்தப்போ, பின்னால நின்னு எடுத்திருக்கா. நான் இதுக்குக் கை தூக்கியிருந்தா, புருஷன் வாங்கிக் குடுத்த பரிசும்பாங்க. இப்போ, புருஷனைத் தோக்கடிச்சு வாங்கினான்னு ஊரே சொல்லட்டும்!"