நீலக் கேற்றடியில் நாற்பது நிமிடம்

“அந்த நீலக் கேற்றடியில நாப்பது நிமிசம் என்ன செய்தனீங்கள்?”

அருள்நாயகி போனைக் கணவர் எமிலின் மூக்குக்கு நேரே நீட்டினார். விடுதிக்கு இரண்டு வளவு தள்ளியிருந்த தேநீர்க்கடையில், வாயில் ரோல்ஸுடன் எமில் பிடிபட்டிருந்தார்.

“நடந்து களைச்சு இப்பத்தான் வந்து இருந்தனான், அருள்.”

போனில் மன்னார் நகரத்தின் வரைபடம் இருந்தது. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து ஓடியது. லண்டனில் இருக்கும் மகள் றொஷேல்தான் காலையில் அனுப்பியிருந்தாள். ‘அப்பாவின்ர மன்னார் நடை. ரெண்டு நாள், முப்பத்தோராயிரம் அடி!’ என்று பக்கத்தில் பூக்கள் வேறு.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகும் எமில் சொந்த ஊரான அடம்பனில் தன் அரிசி ஆலையின் கதிரையை விட்டு எழும்பவில்லை. அதனால்தான் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் மன்னாரில் நாலு நாள் விடுதி பதிவு செய்து, ஒரு கைமணிக்கூட்டையும் அனுப்பியிருந்தாள். ஓட்டோவில் ஏறக்கூடாது, டவுனை நடந்தே பார்க்க வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. அருள்நாயகிக்கு முழங்கால் வருத்தம். அதனால் காலை நடைக்கு எமில் தனியாகத்தான் போய்வந்தார்.

அந்த மணிக்கூடு வேலை செய்யும் விதம் எளிமையானது. அது கட்டியிருக்கும் இடம் ஆடும்போது, ஒவ்வோர் ஆட்டத்தையும் ஓர் அடி என்று எண்ணும்; செய்மதியிடம் கேட்டு இடத்தைக் குறித்து, றொஷேலின் போனுக்கு அனுப்பும். அடிப்பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் உண்டு. அது தோலுக்குள் புகுந்து இரத்த ஓட்டத்தைப் பார்த்து நாடித்துடிப்பைச் சொல்லும். இடையில் முடி அடர்த்தியாக இருந்தால் மட்டும் வெளிச்சம் உள்ளே போகாது. எமிலின் துடிப்பு இரண்டு நாளும் பதியவேயில்லை. ‘பட்டியை இறுக்கிக் கட்டுங்கோ அப்பா’ என்று றொஷேல் எழுதியிருந்தாள்.

“முந்தநாளும் பத்து மணி, நேற்றும் பத்து மணி. அதே கேற்று. அது ஆற்ற வீடு?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“நிண்ட உங்களுக்குத் தெரியாதோ? எங்க மணிக்கூடு?”

எமில் வெறுங்கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். “அறையில. சார்ச்சில கிடக்கு.”

“ஓ! இண்டைக்கும் போனால் பிடிபட்டிடுவன் எண்டு கழட்டி வைச்சிட்டியள். எழும்புங்கோ. இந்தக் கோடு போன வழியால நானும் வாறன். அந்த வீட்டுக்குள்ள ஒரு பொம்பிளை இருந்தாளெண்டால், ரெண்டு மணி பஸ்ஸில நான் தனியப் போறன். பிறகு அடம்பன் பக்கம் நீங்கள் வரத் தேவையில்லை.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தோளில் பை தொங்கியது.

பஸ் நிலையச் சந்தியில் கழுதைகளையும் ஓட்டோக்களையும் விலத்திக்கொண்டு அருள்நாயகி நடுவில் போய் நின்றார். “இதில, நடு றோட்டில, கால் மணித்தியாலம் நிண்டிருக்கிறியள். ஆரைப் பாத்துக்கொண்டு?”

“வாகனம் போகட்டுமெண்டு…”

“கால் மணித்தியாலமோ!”

சந்தைக்குப் பின்னால், குப்பை மேட்டுக்குள்ளும் கோடு புகுந்து வந்திருந்தது. “இதுக்குள்ள என்னத்தைத் துலைச்சனீங்கள்?” எமில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணை, அக்காவுக்கு ஒரு பொய்யாவது சொல்லுங்கோவன்!” என்று மரக்கறிக்காரி ஒருத்தி குரல் கொடுக்க, சந்தையே சிரித்தது. அருள்நாயகிக்குத் தலை கொதித்தது. முழங்கால் நோகிறதா என்று பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை.

கோடு அடுத்து மன்னார்க் கோட்டையடிக்குப் போனது. “கோட்டைக்கு உள்ளயாவது போனனீங்களோ? இல்லை. வெளியில, புல்லுக்குள்ள ஒரு மணித்தியாலம்! முப்பது வருசத்தில என்னோட ஒருக்காலும் புல்லில இருக்கேல்லை.”

எமிலுக்கு மூச்சு வாங்கியது. சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஒழுங்கை முனையில் ஒரு கடை. அருள்நாயகி கடைக்காரர் சனூனிடம் விசாரித்தார். “நீலக் கேற்றோ அக்கா? மெற்றில்டா ரீச்சர் வீடு. பென்சனில தனியத்தான் இருக்கிறா. தங்கமான மனுசி.”

“கேட்டியளோ? தங்கமாம்.”

“அருள், நில்லும். நான் உண்மையைச் சொல்லுறன்…”

“அவவுக்கு முன்னால சொல்லுங்கோ!”

கேற்றைத் தட்டக் கையை ஓங்கும்போதே அது உள்ளிருந்து திறந்தது. கையில் ஒரு சட்டியோடு, பூப்போட்ட சட்டை அணிந்த பெண் ஒருவர் முகம் மலர நின்றார்.

“வந்திட்டியோ ராசா! பத்து மணியெண்டால் பத்து மணிதான் உனக்கு.”

அருள்நாயகி ஓங்கிய கையை இறக்கவில்லை. “ராசாவோ?” என்று எமிலின் பக்கம் திரும்பினார். எமில் கண்களை மூடிக்கொண்டார்.

ஆனால் ரீச்சர் எமிலைப் பார்க்கவேயில்லை. இருவருக்கும் நடுவால் நுழைந்து போய், பூசணித் தோல் நிறைந்த சட்டியை நிலத்தில் வைத்தார். அவர்களுக்குப் பின்னால் வந்து நின்ற சாம்பல் நிறக் கழுதை, ஆறுதலாகத் தலையைச் சட்டிக்குள் விட்டது.

ரீச்சர் குனிந்து அதன் முன்னங்காலைச் சுட்டிக் காட்டினார்.

“இஞ்ச பாருங்கோ தங்கச்சி, எந்த விசரனோ இதின்ர காலில மணிக்கூடு கட்டி விட்டிருக்கிறான்!”